வீட்டிலேயே ஒரு சி.என்.சி. இயந்திரம்: எங்கே தொடங்குவது?

"சொந்தமா ஒரு சி.என்.சி. மெஷின் செய்யணும், எந்த மோட்டார் வாங்கலாம்?" பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறார்கள். கேள்வியில் தப்பில்லை, வரிசையில்தான் தப்பு. மோட்டார், கண்ட்ரோலர், டிரைவர் எல்லாம் இன்று ஆர்டர் போட்டால் கணியம்பாடி மாதிரி ஊருக்கும் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். மென்பொருள் இலவசம். கூரியரில் வராத சரக்கு ஒன்று உண்டு: நேராக ஓடும் தண்டு, செங்கோணமாக நிற்கும் சட்டம், அழுத்தினால் வளையாத உடம்பு. சொந்தமாகச் செய்த இயந்திரங்களில் பாதிவழியில் மூலையில் போய் உட்காருபவை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

அதனால் இந்தக் கட்டுரையின் ஆலோசனை கொஞ்சம் விநோதமாகத் தோன்றலாம். உங்கள் முதல் இயந்திரம் எதையும் வெட்ட வேண்டாம். ஒரு பேனாவைப் பிடித்துக்கொண்டு காகிதத்தில் கோடு போடட்டும். ஏன் என்பதை கணக்கோடு பார்ப்போம். பள்ளிக்கூடப் பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

இது என்ன மாதிரி இயந்திரம்?

சி.என்.சி. என்பது 'கம்ப்யூட்டர் நியூமரிக்கல் கண்ட்ரோல்' என்பதன் சுருக்கம். எண்களைக் கொடுத்தால் அந்த எண் சொல்லும் இடத்துக்கு வெட்டும் கருவியை நகர்த்தும் இயந்திரம், அவ்வளவுதான். மரக்கதவில் பூவேலை செய்வதும், இரும்பைக் கடைவதும், சர்க்யூட் போர்டில் தாமிரத்தைச் சுரண்டுவதும் அடிப்படையில் ஒரே வேலை.

இந்த யோசனைக்கு மூதாதை தேடி வெளிநாடு போக வேண்டாம். கணியம்பாடியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக ஆரணிக்குப் போனால் பட்டுத் தறிகளைப் பார்க்கலாம். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலை போலக் கோத்துத் தொங்கும். ஓட்டை இருந்தால் அந்த இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. சேலையின் பார்டரில் வரும் அன்னமும் மயிலும் அந்த அட்டைகளில் ஓட்டைகளாக எழுதப்பட்டிருக்கின்றன. பிரான்ஸில் ஜோசப் மரி ஜக்கார்டு இந்த அமைப்பை உருவாக்கியது 1800-களின் தொடக்கத்தில்.

ஏறக்குறைய 150 வருடம் கழித்து அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைத் துல்லியமாக வெட்டுவது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். வளைவை எண்களாக எழுதி, அந்த எண்களை இயந்திரத்துக்கு நேரடியாக ஊட்டினால் என்ன என்பது அவருடைய எண்ணம். 1949-இல் அமெரிக்க விமானப்படையின் பணத்தில் வேலை தொடங்கியது. எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ஒரு பழைய மில்லிங் இயந்திரத்தை மாற்றியமைத்து 1952-இல் இயக்கிக் காட்டினார்கள். அதுவும் ஓட்டை போட்ட நாடாவைப் படித்துத்தான் ஓடியது. கட்டுப்பாட்டுப் பகுதியில் நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள், அலமாரி அலமாரியாக.

அந்த அலமாரிகளின் வேலையை இன்று உள்ளங்கை அளவு ஆர்டுயினோ உனோ பலகை ஒன்று செய்கிறது. 2009-இல் நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் எழுதித் தொடங்கிய ஜிஆர்பிஎல் என்ற கட்டற்ற மென்பொருள்தான் அதற்குக் காரணம். மூளை மலிவாகிவிட்டது. எலும்புதான் இன்னும் நம் பொறுப்பு.

சங்கிலியைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒரு படம் வெட்டப்பட்ட மரமாக மாறுவதற்கு நடுவில் ஆறு கண்ணிகள் இருக்கின்றன.

1. வரைபடம். இங்க்ஸ்கேப், ஃப்ரீகேட், கிகேட் மாதிரி மென்பொருளில் நீங்கள் வரைவது.
2. கருவிப் பாதை. அந்த வரைபடத்தை எந்த அளவு பிட்டால், எவ்வளவு ஆழத்தில், எந்த வேகத்தில் வெட்டுவது என்று முடிவு செய்யும் கட்டம். இதை 'கேம்' என்பார்கள்.
3. ஜி-கோட். அந்தப் பாதை வரி வரியான கட்டளைகளாக மாறுகிறது. ஜி0 என்றால் வெட்டாமல் வேகமாகப் போ. ஜி1 என்றால் சொன்ன வேகத்தில் நேர்கோட்டில் போ. ஜி2, ஜி3 என்றால் வில் போல வளைந்து போ.
4. கண்ட்ரோலர். ஜிஆர்பிஎல் ஏற்றிய பலகை ஒவ்வொரு வரியையும் படித்து, மின்துடிப்புகளாக மாற்றுகிறது.
5. டிரைவரும் மோட்டாரும். துடிப்பு ஒன்றுக்கு ஒரு அடி வீதம் ஸ்டெப்பர் மோட்டார் திரும்புகிறது.
6. இயந்திர உடம்பு. சுழற்சியை நேர் ஓட்டமாக மாற்றும் திருகுத்தண்டு அல்லது பெல்ட், வழிகாட்டும் தண்டவாளம், பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில்.

ஏதாவது தப்பாக வெட்டினால் தவறு இந்த ஆறில் எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். உதாரணமாக, எல்லா அளவும் 25 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால் அது மூன்றாவது கண்ணி: ஜி20 அங்குலம், ஜி21 மில்லிமீட்டர், இரண்டும் இடம் மாறியிருக்கும். வட்டம் முட்டை மாதிரி வந்தால் ஆறாவது கண்ணி, இல்லாவிட்டால் கண்ட்ரோலர் அமைப்பு.

இது ஏன் முக்கியம்? விலை கொடுத்து வாங்கிய பெரிய இயந்திரம் நின்றுபோனால் சர்வீஸ் ஆள் சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வர வேண்டும். வரும் வரை வேலை நிற்கும். சொந்தமாகச் செய்தவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. வீட்டில் செய்வதன் உண்மையான லாபம் இதுதான். வெறும் பணக் கணக்கு பார்த்தால், எல்லாவற்றையும் கூட்டிய பிறகு பெரிய மிச்சம் எதுவும் இருக்காது.

முதலில் பேனா

நம்ம ஜவ்வாது மலையிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. காவலூர் வானாய்வகம் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி. ஆனால் அங்கே வேலை தொடங்கியது 1960-களின் கடைசியில், கொடைக்கானல் வானாய்வகத்தில் தாங்களே செய்துகொண்ட 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு. சின்னதை வைத்து வானத்தைப் பார்த்தார்கள், இடத்தைப் புரிந்துகொண்டார்கள், பெரியது பிறகு வந்தது.

நமக்கு அந்த 38 சென்டிமீட்டர், பேனா பிளாட்டர். பேனாவுக்கு வெட்டு விசை கிடையாது. அதனால் உடம்பு கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் ஓடும். பிட் உடையாது, விரல் போகாது, தூசு பறக்காது. ஆனால் மேலே சொன்ன ஆறு கண்ணிகளில் ஐந்தரை அப்படியே இதில் இருக்கின்றன. எல்லாவற்றையும் விட முக்கியம், காகிதத்தில் விழும் கோட்டை அளக்கலாம். அளந்தால் இயந்திரம் தன் குறைகளைத் தானே சொல்லிவிடும்.

மூன்று சோதனைகள் போதும்.

முதல் சோதனை, நீளம். எக்ஸ் அச்சில் 100 மி.மீ. போகச் சொல்லி, போட்ட கோட்டை எஃகு அளவுகோலால் அளங்கள். ஒய் அச்சிலும் அதே.

இரண்டாவது, செங்கோணம். 100-க்கு 100 மி.மீ. சதுரம் வரையுங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் 141.4 மி.மீ. இருக்க வேண்டும். ஒன்று 140.4, இன்னொன்று 142.4 என்று வந்தால்? "2 மில்லிதானே" என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு அச்சுகளுக்கும் நடுவிலுள்ள கோணம் ஏறக்குறைய 0.8 பாகை விலகியிருக்கிறது என்று அர்த்தம். இதே சட்டத்தில் அரை மீட்டர் பலகையை வெட்டினால் மூலை 7 மி.மீ. தள்ளிப்போகும். அந்தக் கதவு எந்த நிலையிலும் உட்காராது.

மூன்றாவது, வட்டம். 50 மி.மீ. வட்டம் ஒன்று வரையுங்கள். மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களில் வட்டம் தட்டையாகவோ சின்னப் படி விழுந்த மாதிரியோ இருந்தால், அச்சு திசை மாறும்போது திருகுக்கும் நட்டுக்கும் நடுவில் லூஸ் இருக்கிறது. சைக்கிள் பெடலைப் பின்னால் மிதித்துவிட்டு முன்னால் மிதித்தால் பிடிக்கும் வரை கொஞ்சம் வெறுமனே சுற்றுமே, அந்த மாதிரி. இதற்கு 'பேக்லாஷ்' என்று பெயர்.

மோட்டாருக்கு மில்லிமீட்டர் தெரியாது

ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தெரிந்தது அடி மட்டும். வழக்கமான மோட்டார் ஒரு அடிக்கு 1.8 பாகை திரும்பும், அதாவது ஒரு சுற்றுக்கு 200 அடி. டிரைவர் ஒவ்வொரு அடியையும் 16 துண்டாகப் பிரித்தால் சுற்றுக்கு 3200 துடிப்பு. இனி, ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பாருங்கள்.

சந்தையில் அதிகம் கிடைக்கும் டி8 திருகுத்தண்டில் புரி 2 மி.மீ. இடைவெளியில் இருக்கும், ஆனால் நான்கு புரிகள் சேர்ந்து ஓடுவதால் ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும். 3200 ÷ 8 = 400. ஒரு மில்லிமீட்டருக்கு 400 துடிப்பு. ஜிடி2 பெல்ட்டும் 20 பல் சக்கரமும் என்றால் சுற்றுக்கு 40 மி.மீ., ஆகவே 80 துடிப்பு. ஜிஆர்பிஎல் அமைப்பில் இந்த எண்ணை $100, $101, $102 என்ற இடங்களில் எக்ஸ், ஒய், இசட் அச்சுகளுக்கு எழுத வேண்டும்.

திருகின் எண்ணை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். 100 மி.மீ. சொல்லி 99.2 மி.மீ. வந்தால் 400-ஐ 403.2 ஆக்கிவிடலாம் என்று கணக்கு சொல்லும். ஆனால் 100 மில்லிக்கு 0.8 மில்லி தப்பாகத் திருகை யாரும் கடைவதில்லை. கப்ளிங் வழுக்குகிறதா, மோட்டார் அடிகளைத் தவறவிடுகிறதா, நட்டு ஆடுகிறதா என்று பாருங்கள். எண்ணைத் திருத்தினால் நோய் மறையும், குணமாகாது. பெல்ட் இழுவையில் மட்டும் இந்தத் திருத்தம் ஓரளவு நியாயம்.

உடம்பு: வளைவின் கணக்கு

பேனாவிலிருந்து பிட்டுக்குப் போகும்போது வருவது விசை. இங்கேதான் இரண்டு விதிகளை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு முனையிலும் தாங்கிய தண்டின் நீளம் இரட்டிப்பானால் நடுவில் வளைவு 8 மடங்கு. விட்டம் இரட்டிப்பானால் வளைவு 16-இல் ஒரு பங்கு.

எண்ணிலேயே பார்ப்போம். 400 மி.மீ. நீளம், 8 மி.மீ. விட்டம் உள்ள எஃகுத் தண்டு. நடுவில் 20 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 2 கிலோ எடை அழுத்துகிறது. வளைவு 0.66 மி.மீ. இரண்டு தண்டுகள் பகிர்ந்துகொண்டால் 0.33 மி.மீ. சர்க்யூட் போர்டில் தாமிரப் படலத்தின் தடிமன் வழக்கமாக 0.035 மி.மீ.தான். தண்டு வளைவது தாமிரத்தின் தடிமனைப் போல ஒன்பது மடங்குக்கு மேல்! இந்த உடம்பை வைத்துக்கொண்டு மோட்டாரை மாற்றினாலும் மென்பொருளை மாற்றினாலும் கோடு ஒழுங்காக வராது. அதே இடத்தில் 16 மி.மீ. தண்டு இரண்டு போட்டால் வளைவு சுமார் 0.02 மி.மீ. ஆகிவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் பாடங்கள் மூன்று.

- இயந்திரத்தின் அளவைத் தேவைக்கு மேல் ஒரு அங்குலம்கூடப் பெரிதாக்காதீர்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று 300-ஐ 600 ஆக்கினால் அந்த ஆசையின் விலை 8 மடங்கு.
- முனையில் மட்டும் தாங்கிய தண்டைவிட, அடியில் முழு நீளமும் தாங்கிய தண்டு நல்லது. அதைவிட, சட்டத்தில் வரிசையாகத் திருகிப் பொருத்தும் லீனியர் ரெயில் நல்லது.
- பிட்டின் முனைக்கும் ரெயிலுக்கும் உள்ள தூரம் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். இசட் அச்சு நீளமாகத் தொங்கினால் கீழே எல்லாம் ஆடும்.

சட்டத்துக்கு என்ன பொருள்? அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் சுலபம், போல்ட் போட்டு மாட்டி, திரும்பக் கழற்றித் திருத்தலாம். இரும்புச் சதுரக் குழாய் மலிவு, வெல்டிங் பட்டறை எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் வெல்டிங் சூட்டில் இரும்பு கோணும். அதனால் ரெயிலை நேரடியாக வெல்டிங் செய்த சட்டத்தில் முறுக்கினால் ரெயிலும் சேர்ந்து கோணும். நடுவில் தகடு வைத்து, சிம் கொடுத்து நேராக்க வேண்டும். தடித்த பிளைவுட்டும் முதல் இயந்திரத்துக்கு மோசமில்லை, மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பாதபடி எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்தால்.

செங்கோணத்துக்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஒரு பக்கம் 300, இன்னொரு பக்கம் 400 குறித்து, குறுக்கே 500 மி.மீ. வந்தால் மூலை சரி. வீடு கட்டும்போது கொத்தனார் கயிறு பிடிப்பது இதே கணக்கில்தான். இந்த வேலையில் அனுபவமுள்ள தச்சர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதி இன்ஜினியரிங் முடிந்த மாதிரி. மூலைமட்டம் பிடிக்கும் கை அவருக்கு இருக்கிறது.

வெட்டும் வேகம்

புதிதாக வருபவர்கள் பயந்துகொண்டு மிக மெதுவாக வெட்டுவார்கள். மரம் கருகும், பிட் சூடாகி மழுங்கும். காரணம் என்னவென்றால், பிட்டின் ஒவ்வொரு பல்லும் ஒரு சீவலை வெட்டி எடுக்க வேண்டும். மெதுவாகப் போனால் சீவல் வராது, பல் மரத்தைத் தேய்க்கத்தான் செய்யும்.

கணக்கு எளிது: நகரும் வேகம் = சுற்று × பல் எண்ணிக்கை × ஒரு பல் எடுக்கும் சீவலின் தடிமன். நிமிடத்துக்கு 10,000 சுற்று, இரண்டு பல், பல்லுக்கு 0.05 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1000 மி.மீ. இயந்திரம் பலவீனமாக இருந்தால் இந்த வேகத்தைக் குறைப்பதைவிட ஒரு தடவை வெட்டும் ஆழத்தைக் குறையுங்கள். 3 மி.மீ. பிட்டுக்கு முதலில் அரை மில்லி ஆழத்தில் ஆரம்பித்து, சத்தம் சீராக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். தூசு மாவு மாதிரி வந்தால் தேய்க்கிறது, சின்னச் சின்னச் சீவலாக வந்தால் வெட்டுகிறது. எம்.டி.எஃப். மட்டும் விதிவிலக்கு, அது எப்படி வெட்டினாலும் மாவுதான்.

எலக்ட்ரானிக்ஸ்

இந்தப் பகுதி எல்லா இடத்திலும் விரிவாகக் கிடைப்பதால் சுருக்கமாக.

42 மி.மீ. முகம் உள்ள நெமா 17 மோட்டார், ஆர்டுயினோ உனோ, அதன் மேல் உட்காரும் சி.என்.சி. ஷீல்டு, ஏ4988 அல்லது டிஆர்வி8825 டிரைவர், 12 அல்லது 24 வோல்ட் பவர் சப்ளை. பிளாட்டருக்கும் சின்ன மரவேலைக்கும் இது போதும். 57 மி.மீ. முகமுள்ள நெமா 23 மோட்டாருக்குப் போனால் அந்தச் சின்ன டிரைவர்கள் தாங்காது, தனிப்பெட்டியாக வரும் டிரைவர் வேண்டும்.

கவனம் வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, டிரைவரில் இருக்கும் குட்டித் திருகைத் திருப்பி மோட்டாருக்குப் போகும் ஆம்பியரை அமைக்க வேண்டும். ஏ4988-இல் கணக்கு: மின்னழுத்தம் = ஆம்பியர் × 8 × பலகையிலுள்ள உணர்மின்தடை. 0.1 ஓம் மின்தடை, 1 ஆம்பியர் என்றால் 0.8 வோல்ட். பலகைக்குப் பலகை மின்தடை மாறும், அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்த பிறகு கணக்குப் போடுங்கள். இரண்டு, பவர் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றாதீர்கள். அந்த நொடியில் டிரைவர் செத்துப்போகும்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தத் தலைப்பு பெரிதாக இருக்காது. நமக்கு இது தினசரிக் கவலை, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உனோ பலகைக்கு மின்சாரம் லேப்டாப்பின் யூ.எஸ்.பி. வழியாக வருகிறது. மோட்டாருக்குத் தனி பவர் சப்ளை. கரண்ட் போச்சுன்னா மோட்டார் நின்றுவிடும், லேப்டாப் பேட்டரியில் ஓடும், பலகையும் ஓடும். பலகைக்கு மோட்டார் நின்றது தெரியாது. அது பாட்டுக்குத் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே, கருவி எங்கோ போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும். மூளை நடக்கிறது, கால் நின்றுவிட்டது.

இருபது நொடியில் கரண்ட் திரும்ப வந்தால்? மோட்டாருக்கு உயிர் வரும், தப்பான இடத்திலிருந்து நகரத் தொடங்கும். ஸ்விட்ச் ஆன் நிலையிலேயே இருப்பதால் ரூட்டரும் தானாகச் சுற்றும். அந்த நேரத்தில் "என்ன ஆச்சு" என்று பார்க்க உங்கள் கை பிட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம். வீட்டு சி.என்.சி.யில் நான் மிகவும் பயப்படும் நொடி இதுதான்.

தீர்வு விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். கிணற்று மோட்டாருக்குப் பச்சை, சிவப்பு பொத்தான் வைத்த ஸ்டார்ட்டர் இருக்குமே, கரண்ட் போனால் அது விட்டுவிடும், திரும்ப வந்தாலும் பச்சையை அமுக்காமல் ஓடாது. அதே ஏற்பாட்டைச் சின்ன கான்டாக்டர் ஒன்றில் செய்து, ரூட்டரையும் மோட்டார் பவர் சப்ளையையும் அதன் வழியாகக் கொடுங்கள். கூடவே, அமுக்கினால் எல்லாவற்றையும் நிறுத்தும் சிவப்புக் காளான் பொத்தான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். 230 வோல்ட் வேலையை மட்டும் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். சட்டத்துக்கு எர்த் கட்டாயம்.

நின்ற வேலையைத் திரும்பத் தொடர ஹோமிங் ஸ்விட்ச் வேண்டும். ஒவ்வொரு அச்சும் தன் மூலைக்குப் போய் ஸ்விட்சைத் தொட்டால் இயந்திரத்துக்குத் தன் இடம் மறுபடி தெரியும். வேலைக்கான ஆரம்பப் புள்ளியை ஜி54-இல் வைத்தால் ஜிஆர்பிஎல் அதைப் பலகையின் நிரந்தர நினைவில் எழுதிவைக்கும். ஜி92-இல் வைத்தால் பலகை ரீசெட் ஆனதும் போயே போச்சு.

மற்ற பாதுகாப்பு விதிகள்: கண்ணாடி கட்டாயம். எம்.டி.எஃப். தூசியில் பசையும் சேர்ந்து பறக்கும், முகக்கவசம் இல்லாமல் வெட்டாதீர்கள். சுற்றும் பிட்டுக்குப் பக்கத்தில் கையுறை கூடாது, இழுத்துவிடும். துப்பட்டா, துண்டு, தொங்கும் கை, விரித்த தலைமுடி எதுவும் வேண்டாம். இயந்திரம் ஓடும்போது அறையை விட்டுப் போகாதீர்கள்.

தமிழ் எழுத்து வெட்டலாமா?

பிளாட்டர் ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் முதலில் எழுதிப் பார்ப்பது சொந்தப் பெயரைத்தான். அங்கேதான் ஒரு சிக்கல் வரும்.

கணினி எழுத்துருக்கள் எழுத்தின் வெளிக்கோட்டை வைத்திருப்பவை. 'க' என்று எழுதச் சொன்னால் பேனா அந்த எழுத்தின் இரண்டு கரையையும் சுற்றி வரும், உள்ளே காலியாக இருக்கும். கையால் எழுதுவது போல ஒற்றைக் கோடாக எழுத வேறு வகை எழுத்துரு வேண்டும். ஆங்கிலத்துக்கு 1967-இலேயே ஆலன் ஹெர்ஷி என்பவர் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் அப்படி ஒரு தொகுப்பைச் செய்துவிட்டார். இங்க்ஸ்கேப்பில் அது இன்றும் வருகிறது. கிரேக்கம், ரஷ்யன், ஜப்பான் எழுத்துகள் எல்லாம் அவர் தொகுப்பில் உண்டு, தமிழ் கிடையாது.

இப்போதைக்கு வழிகள் இரண்டு. எழுத்தைப் படமாக்கி, இங்க்ஸ்கேப்பின் 'டிரேஸ் பிட்மேப்' வசதியில் நடுக்கோட்டைப் பிரித்தெடுக்கலாம். 'ஞ', 'ண' போன்ற எழுத்துகளின் சுழி சந்திக்கும் இடங்களில் கோடு கோணலாக வரும், கையால் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் எழுத்தின் மேலேயே பேனா கருவியால் நீங்களே ஒற்றைக் கோடு வரைந்து சேமித்துக்கொள்ளலாம். 12 உயிர், 18 மெய், துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இகர ஈகார விசிறி, உகர ஊகார வடிவங்கள் என்று ஒருமுறை உட்கார்ந்து வரைந்தால் வாழ்நாளுக்கும் போதும். யாராவது செய்து பொதுவில் வைத்தால் தமிழ்ப் பெயர்ப்பலகை வெட்டும் அத்தனை பேருக்கும் உதவும்.

மரத்தில் வெட்டும்போது இன்னொரு விஷயம். 3 மி.மீ. பிட்டால் 2 மி.மீ. சுழிக்குள் நுழைய முடியாது. ஆங்கிலப் பலகைக்குப் போதுமான பிட் தமிழுக்குப் போதாமல் போகும், நம் எழுத்துகளில் சுழி அதிகம். எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது முனை கூரான வி-பிட் போடுங்கள். வேறு கேம் மென்பொருளுக்குக் கொண்டுபோகும் முன் இங்க்ஸ்கேப்பிலேயே எழுத்தைப் பாதையாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும்.

எந்த வரிசையில் வாங்குவது?

முதலில், எதை வெட்டப் போகிறீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். காகிதமும் வினைலுமா, சர்க்யூட் போர்டா, மரமா, அலுமினியமா? நான்கையும் செய்யும் இயந்திரம் என்று ஆரம்பித்தால் நான்கையும் சுமாராகச் செய்யும் இயந்திரம்தான் வரும். பெரிய துண்டின் அளவையும் எழுதுங்கள்.

அடுத்து, உனோ, ஷீல்டு, இரண்டு டிரைவர், இரண்டு மோட்டார், பவர் சப்ளை. மேசை மேல் பரப்பி வைத்து, உடம்பே இல்லாமல் மோட்டாரைச் சுற்ற வையுங்கள். தண்டில் ஒரு துண்டு டேப் ஒட்டி, 8 மி.மீ. போகச் சொன்னால் சரியாக ஒரு சுற்று சுற்றி அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, பிளாட்டர். மேலே சொன்ன மூன்று சோதனைகளும் தேறும் வரை நகராதீர்கள்.

நான்காவதுதான் வெட்டும் உடம்பு. பட்ஜெட்டில் பெரிய பங்கை ரெயிலுக்கும் திருகுக்கும் ஒதுக்குங்கள். எலக்ட்ரானிக்ஸை மாற்றுவது பத்து நிமிட வேலை, உடம்பை மாற்றுவது புது இயந்திரம் செய்வதற்குச் சமம். பிளாட்டரின் மூளையும் மோட்டார்களும் இதில் அப்படியே பயன்படும், எதுவும் வீண் இல்லை.

"3018 கிட் வாங்கினா போதாதா?" என்று கேட்டால், போதும். 300-க்கு 180 மி.மீ. வேலைப்பரப்பு உள்ள அந்தச் சின்ன கிட் சர்க்யூட் போர்டுக்கும் சின்ன மரவேலைக்கும் நியாயமான ஆரம்பம். பெட்டியைத் திறந்ததும் வெட்ட ஆரம்பிக்காமல், ஸ்பிண்டில் இருக்கும் இடத்தில் ஒரு பேனாவைக் கட்டி, சதுரத்தையும் வட்டத்தையும் வரையச் சொல்லுங்கள். வரைந்த காகிதத்தில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வெட்டு சரியில்லை என்று தோன்றினால் அதே சதுரத்தை இன்னொரு தடவை வரைந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த போல்ட்டை முறுக்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.